கதவுக்கு இந்தப் பக்கம்

– பிளக்கைப் பிடுங்கிடுவேன், சொல்லிட்டேன்.

– ஒரு நிமிஷம் அக்கா. முகமூடிக் கண்ணாடி முழுக்க ரத்தம். தொடைச்சுக்கிறேன்.

– எந்த முகமூடி? நீ உக்காந்திருக்கிறது கட்டில்ல.

– விளையாட்டுல. உலகம் அழிஞ்சு போச்சு, மேல காத்தெல்லாம் விஷம். மிச்சம் இருக்கிறவங்க சுரங்கத்துக்குள்ள கிடக்குறாங்க. இந்த பட்டனை அமுக்கினாதான் கண்ணாடி தெளியும்.

– தொடைக்க ஒரு பட்டனா? வெளங்கிடும். நானும் பாக்குறேன், ஒரு தடவையாவது சிரிச்சியா நீ? விளையாட்டுன்னா நாலு பேரைச் சுட்டோமா, ஜெயிச்சோமா, எழுந்து சாப்பிடப் போனோமான்னு இருக்க வேணாம்?

– இது சிரிக்கிறதுக்கு இல்லக்கா. நெஜமாவே உள்ள இருக்கிற மாதிரி இருக்கும். குண்டு எத்தனை மிச்சம்னுகூட திரையில காட்டாது. நாமதான் ஞாபகம் வெச்சுக்கணும்.

– நல்லா இருக்குடா கூத்து. நெஜ சுரங்கத்துல வேலை பாத்து, அது இடிஞ்சு, உயிர் பொழைச்சு வந்தவன் நீ. உனக்கு விளையாடவும் சுரங்கம்தான் கிடைச்சுதா?

– அதில்லக்கா...

– எதில்ல? காலையில உங்க இன்ஜினியர் வண்டி அனுப்புறாரு. இனிமே சுரங்கத்துல இல்ல, மேல ஸ்டோர்ல வேலை. ஜன்னல் வெச்ச ரூம். இதுவே கடைசின்னுட்டாரு. குளிச்சு, ஷேவ் பண்ணி, மனுஷனாக் கிளம்புற.

– முடியாதுக்கா.

– எனக்கு மட்டும் முடியுதா? அதுல செத்தது நான் கட்டின புருஷன்டா. தினம் பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கல? சில்லறைக்குச் சண்டை போடல?

– நீ அன்னிக்கு உள்ள இல்ல. "நீ முன்னாடி போடா, பின்னாடியே வர்றேன்"னாரு மாமா. வெளிய வந்து திரும்பினேன். மண்ணுதான் இருந்துச்சு.

– தெரியும். விடு. திரையில அதென்ன, இரும்புக் கதவு?

– வெளிய போற வழி. திறந்தா ஆட்டம் முடிஞ்சிடும். கூட வந்தவன் மட்டும் உள்ளயே நின்னுடுவான். கதை அப்படி.

– அப்போ திறந்து தொலையேன்.

– எத்தனையோ நாளா தினம் இந்தக் கதவு வரைக்கும் வந்து இங்கயேதான் நிக்கிறேன்.

– எதுக்குடா? சந்தோஷமும் இல்ல, முன்னாடியும் போகல!

– இந்த ஹெட்போனை மாட்டிப் பாரு.

– எனக்கெதுக்கு இந்தக் கருமம்?

– மாட்டுக்கா. பேசாம கேளு.

– யாரோ மூச்சு வாங்குறாங்க.

– பின்னாடி நிக்கிறவன். முகமூடிக்குள்ள.

– இருமுறான்.

– ம்.

– அவரும் மாடி ஏறி வந்தா இப்படித்தான்... இழுத்து இழுத்து விடுவாரு. வாசல்ல நின்னுட்டு.

– அதான்க்கா.

– திரும்பிப் பாக்கலாமா?

– பாக்கலாம். முகம் தெரியாது, முகமூடிதான்.

– வேணாம். இப்படியே இருக்கட்டும்.

– அழாதக்கா. உன்னையும் உள்ள இழுத்துட்டேன் பாரு. போதும், நீ சொன்னதுதான் சரி. கதவைத் திறந்துட்டு, காலையில கிளம்புறேன். ஹெட்போனைக் குடு.

– கையை எடு.

– அக்கா?

– கதவைத் தொடாத. காலையில வண்டி வந்தா, நான் பேசித் திருப்பி அனுப்பிடுறேன்.