கலைச் சந்தையில் தூசி பொறுக்கியவர்

2004, தை மாதத்து ஞாயிறு மாலை. பெரம்பலூர் கல்யாண மண்டபத்தில் நவீன கலைச் சந்தை பார்த்துவிட்டு, குன்னம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்.

"கலைன்னு குமிச்சு வச்ச பருத்தியில உக்காந்து தூசி பொறுக்குனவ நீ ஒருத்திதான்."

"தூசியோட கெடந்தா கை சும்மா இருக்குமாங்க? அதச் செஞ்ச பொண்ணே சிரிச்சிட்டு, நாளைக்கும் வந்து பொறுக்குங்கன்னுட்டா. நான் போறேன்."

"நாளைக்கு நம்ம கொல்லையில பருத்தி எடுக்கணும்."

"அங்க அத்தன பேரு சுத்தி நின்னு பாத்தாங்க. நம்ம கொல்லையில இத்தன வருசமாப் பொறுக்குறேன், யாரு நின்னு பாத்தா?"



"நாளைக்கு நான் வரப்புல நின்னு பாக்குறேன், போதுமா?"

"கையப் பின்னாடி கட்டிக்கிட்டு, தலையச் சாச்சுப் பாக்கணும்."

"சரி."

"நடுவுல டீ கேக்கக் கூடாது."