அவள் தூங்குகிறாள்

சத்தம் வராமல் கதவைச் சாத்துவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். வந்தவர்களை மனம் நோகாமல் திருப்பி அனுப்பத் தெரியும். போகிறவர்கள் எனக்கே நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து, தங்காமல் போயிற்று. அவள் கணவன் அவளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதன்பின் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தாள். நான் நீண்ட விடுப்பு எடுத்தேன். தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அவளைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். நான் அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து தருகிற அக்கா. இப்போதுதான் முதல் தடவையாக அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

மனநல மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மாத்திரை பாதி வைத்தியந்தாம்மா. நாலு பேரோட பேசிப் பழகட்டும். வேலைக்குப் போகணும்னு ஒரு நெனப்பு வந்துட்டா தேறிடுவாங்க. தனியா மட்டும் விட்டுடாதீங்க."

நான் விடவில்லை. அவள் செல்போனைத் தொந்தரவு என்று அணைத்துப் பீரோவில் வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன்.

அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியில் மெஷின்கள் எதிரெதிராக இருக்கும். எதிர் மெஷின்காரி தினமும் வேலை விட்டதும் வந்து மணி அடித்தாள். தோளில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும்.

"அக்கா, ஒரு நிமிஷம் முகத்தப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"இப்பதாம்மா தூங்கினா."

"அவ மெஷின்ல யாரையும் உக்கார விடல அக்கா. துணி போட்டு மூடி வெச்சிருக்கோம். அவ தைக்க வேண்டிய பீஸையும் நாங்களே பங்கு பிரிச்சுத் தச்சுக் கொடுத்துடறோம், சூப்பர்வைசர் வாயத் திறக்கல. அவ வந்து சும்மா உக்காந்தாக்கூடப் போதும்னு சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்றேன்மா."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். உள்ளேயிருந்து தங்கை கேட்டாள். "யாருக்கா?"

"யாரோ கதவு மாறித் தட்டிட்டாங்க."

ஒரு நாள் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தானே தலை வாரிப் பின்னியிருந்தாள், வகிடு கோணலாக. "நாளைக்கு வேலைக்குப் போய்ப் பார்க்கட்டுமாக்கா?" என்றாள். நான் கடைப் பையைக் கீழே வைத்தேன்.

"உன் மெஷின்ல வேற ஆள் போட்டுட்டாங்கடி."

"எதிர்ல உக்காருறவ ஒண்ணும் சொல்லலையா?"

"அவதான் வந்து சொன்னா. இனிமே அவளுக்காகக் காத்திருக்க முடியாதுன்னு."

அவள் அழவில்லை. பின்னலை அவிழ்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை மாத்திரை கொடுக்கப் போனேன், அவள் உயிரோடு இல்லை. எப்படி என்பது உங்களுக்குத் தெரியும்.

கம்பெனியிலிருந்து எல்லோரும் வந்தார்கள். எதிர் மெஷின்காரி கம்பெனியில் தங்கையின் நாற்காலியில் கிடந்த சின்ன மெத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அவ எடம் அப்படியே இருக்குன்னு அவகிட்ட சொன்னீங்கல்ல அக்கா?"

"சொன்னேன்மா. சிரிச்சா."

அதற்கும் அவள் நன்றி சொன்னாள்.

இப்போதும் சாயங்காலமானால் மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் படியில் யாருமில்லை. தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டுச் சாத்துகிறேன். உடனே உள்ளேயிருந்து "யாருக்கா?" என்று கேட்கிறது. பதில் சொல்லும்வரை விடுவதில்லை. அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன், பயத்தினால் இல்லை.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவளைச் சாகவிட்டது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். இறந்தவளுக்கு ஆதரவாக யாருமில்லை என்று மேலே எழுதியிருக்கிறீர்கள்.

நான் ஒருத்தி இருந்தேனே.