நம்ம ஹீலியம்

அந்தச் சின்னச் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறீர்களா, தோழர் புலனாய்வாளரே? சைபீரியப் பனி உள்ளே வந்தாலும் பரவாயில்லை, பூட்டிய அறை எனக்கு ஒத்துக்கொள்ளாது. நின்றுகொண்டே பேசுகிறேன், காலையிலிருந்து உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

எங்கள் லேசர் குழாயில் இரண்டு வாயுக்கள். மின்சாரத்தின் அடியை வாங்குவது ஹீலியம். வாங்கிய சக்தியை அது தனக்கென்று வைத்துக்கொள்ளாது. நியானோடு மோதி அப்படியே கொடுத்துவிடும். மின்னுவது நியான். அந்தச் சக்தி எப்படிக் கைமாறுகிறது என்று கணக்குப் போட்டவள் நான். கட்டுரை அச்சில் வந்தபோது அதில் பிரிவுத் தலைவர் ஆர்செனி குளேபவிச்சின் பெயர் இருந்தது, அவருடைய உதவியாளன் கோஸ்த்யாவின் பெயர்கூட இருந்தது.

என் பெயர் எங்கே என்று கேட்டேன். தலைவர் தோளைத் தட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க, தைசியா பெத்ரோவ்னா. நீங்க நம்ம ஹீலியம். அடி வாங்குறது நீங்க, மின்னுறது நாங்க!"

ஆய்வுக்கூடமே சிரித்தது. அன்றிலிருந்து உணவுக்கூடத்தில் முட்டைக்கோஸ் சூப் ஊற்றுகிறவள்கூட, "வாங்க ஹீலியம், இன்னும் ஒரு கரண்டி?" என்றுதான் கேட்டாள். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். பூமியெல்லாம் நான் கேட்கவில்லை, ஒரு வரியில் இடம் கேட்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுக் குழாய் முதல்முறை ஒளிர்ந்தால், தலைவர் ஹீலியத்தை ஒரு வாய் இழுத்து, அதனால் மாறிப்போகும் கீச்சுக்குரலில் வாழ்த்துச் சொல்வார். மற்றவர்கள் கோப்பையோடு காத்திருப்போம்.

நேற்றுப் புதுக் குழாய் ஒளிர்ந்தது. வாழ்த்துக்கு முன்னால் லேசரின் கண்ணாடியைத் துடைத்துவிடலாம் என்று அவர் குழாய் இருக்கும் இரும்பு அறைக்குள் போனார். ஒரு ஆள்தான் நிற்கலாம் அங்கே. தூசி போகாமல் கதவைச் சாத்துவது என் வேலை. சாத்தினேன். அந்த அறைக்குள் ஹீலியத்தையும் திறந்துவிட்டேன்.

உள்ளிருந்து கோழிக்குஞ்சுக் குரல் வந்தது. "தைசியா! கதவைத் திற! மூச்சு முட்டுது!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோஸ்த்யாவின் கோப்பை தளும்பிவிட்டது. "இன்னொரு தடவ சொல்லுங்க தலைவரே!" என்றான். அவர் இன்னொரு தடவை சொன்னார். பிறகு கதவைத் தட்டினார். அதற்கும் கைதட்டினார்கள்.

அவர்களுக்கு விளையாட்டு. எனக்குத் தெரியும். கதவின் பிடி என் கையில்தான் இருந்தது. தட்டுவது நிற்கும்வரை நான் அதை விடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பெயர் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை.

சிரித்த பாவத்துக்குத் தானும் கொலைகாரன்தான் என்று கோஸ்த்யா அழுகிறானாமே. அவனைச் சேர்க்காதீர்கள். மேலே முழுப்பெயராக எழுதுங்கள்: தைசியா பெத்ரோவ்னா சொரோகினா. எழுத்துப்பிழை வேண்டாம். இந்த வேலையில் கூட்டு ஆசிரியர் யாரும் இல்லை.