எட்டு நிமிடத்தில் கரையும் ரத்தம்

மாலை நாலே முக்கால். டிசம்பர் மாதம், அதற்குள் நல்ல இருட்டு. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும் அந்த மரத்தடிப் பாதை... ஒரு விளக்கு எரியும், அடுத்தது எரியாது. ஜோம்போர், கசகசா ரொட்டியை அப்புறம் மெல்லலாம். கேட்பதாக இருந்தால் கேள், இல்லையென்றால் எழுந்து போ.

இது என் தோழி பிரோஷ்காவின் அண்ணி இல்காவுக்கு நடந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை. நீங்கள் இந்த வாரம்தான் சேர்ந்தவர்கள், அதனால் விளக்கிச் சொல்கிறேன். கிருமி ரத்தத்தில் ஏறிய நோயாளிகளுக்கு ஒரு சோதனை உண்டு. ரத்தத்தை ஓர் இயந்திரத்தின் சின்னக் கிண்ணத்தில் உறைய வைத்து, கரைக்கும் மருந்தை விட்டு, கட்டி எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று பார்ப்பார்கள். கரையவே இல்லை என்றால் ஆள் பிழைப்பது கஷ்டம். இயந்திரம் சரியா என்று பார்க்க, தினமும் முதலில் நல்ல ரத்தம் ஒன்றை வைக்க வேண்டும். இல்கா தன்னுடையதையே வைப்பாள். எட்டு நிமிடத்தில் கரையும். மூன்று வருடமாக எட்டுதான்.

நான்காம் கட்டிலில் வெண்டல் என்று ஒரு கிழவர். திஸா ஆற்றில் படகோட்டியவர். இடது காலில் புண், அதிலிருந்து விஷம் ஏறிவிட்டது. இரண்டு முறை எடுத்த ரத்தமும் கரையவில்லை. மூன்றாம் முறை இல்கா போனபோது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"தொடாதே. உங்க ஆராய்ச்சிக்கு நான் என்ன ஆடா? வேணும்னா உன் ரத்தத்தை எடுத்துக்கோ."

"கோவிச்சுக்காதீங்க மாமா. எடுக்கலை, தூங்குங்க."

அரை மணியில் அவருக்கு நினைவு தப்பியது. டாக்டர் சிலார்ட், "இப்ப எடு. அவருக்கு எங்க தெரியப்போகுது?" என்றார். இவளும் எடுத்தாள். அதற்காக அவள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

டியூபைக் காற்றால் ஆய்வுக்கூடத்துக்குத் தள்ளிவிடும் குழாயில் அனுப்பினால் ரத்தம் குலுங்கிக் கெட்டுவிடும், கையில்தான் கொண்டுபோக வேண்டும். குளிர் படாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். பனியில் அவள் காலடி... சரக், சரக். பின்னால் இன்னொன்று. சரக்... ஸ்ஸ்ர். ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தம். ஆற்றுச் சேற்று நாற்றம். திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. கக்கத்தில் இருந்த டியூப் மட்டும் சுட்டது.

வெண்டலின் ரத்தம் அன்று கரைந்தது. சரியாக எட்டு நிமிடத்தில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் வந்தது. அவர் நாலே முக்காலுக்கே, இவள் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோதே, போய்விட்டாராம்.

மறுநாள் காலை இல்கா தன் ரத்தத்தை வைத்தாள். பத்து நிமிடம்... அரை மணி... இரண்டு மணி நேரம். கரையவில்லை.

"டியூபை மாத்தித் தொலைச்சியா?" என்று டாக்டர் வந்து கத்தினார். தன் ரத்தத்தை வைத்துப் பார்த்தார். பதினொரு நிமிடத்தில் கரைந்தது. அவளுடையதை மறுபடி வைத்தார்கள், அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். இடது கால் பெருவிரல் கறுத்திருந்தது. காலியாக இருந்ததோ நான்காம் கட்டில் ஒன்றுதான். டாக்டர் ஊசியோடு வந்தார்.

"வேண்டாம் டாக்டர். சத்தியமா சொல்றேன், எடுக்காதீங்க," என்று அழுதாள்.

அவர் கேட்கவில்லை. எடுத்தார். கொண்டுபோக ஆளில்லாமல், தானே கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் போனார். பாதி வழியில் ஓட ஆரம்பித்துவிட்டார் என்று காவலாளி சொன்னான்.

இல்கா பிழைத்துவிட்டாள். இப்போது அவள் ரத்தம் கரைகிறது... பதினொரு நிமிடத்தில்.

என்னிடம் காரணம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றவரிடம் எடுத்தவர்தான் அடுத்துப் படுக்கிறார், அது மட்டும் தெரியும். நேற்றிலிருந்து நான்காம் கட்டிலில் கிடப்பது டாக்டர் சிலார்ட். விடிவதற்குள் அவர் ரத்தம் ஆய்வுக்கூடத்துக்குப் போயாக வேண்டும், முறை என்னுடையது. மூன்று தடவை ஊசியோடு போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "எடுக்காதே, எடுக்காதே" என்கிறார்... சட்டைக் கையைத் தானே சுருட்டி, கையை எனக்கு நேராக நீட்டிக்கொண்டே.