சத்தம் போடாத வகுப்பு

— அதாவது டீச்சர், மனுசன் அசந்து போயிட்டாரு. மொதல்ல அதைச் சொல்லிடறேன். மத்ததை அப்புறம் சொல்றேன்.

— யாரு சார் அசந்தாரு?

— நம்ம கல்வி ஆபீசர்தான். நீங்க ஜுரத்துல படுத்துனு இருந்தப்ப, சொல்லாம கொள்ளாம ஜீப்புல வந்து எறங்கிட்டாரு. நான் என் ஹெச்.எம். ரூம்ல செல்லுல அட்டெண்டன்ஸ் ஏத்திக்கினு இருந்தேன்.

— மூணாவது, நாலாவது, அஞ்சாவது மூணும் ஒரே ரூம்ல, டீச்சரே இல்லாம. போச்சு, மானம் போச்சு.

— போகலையே. வெளிய செருப்பெல்லாம் ஜோடி ஜோடியா வரிசையில இருக்கு. உள்ள அஞ்சாவது பசங்க மூணாவதுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குதுங்க. நாலாவது தானா கணக்குப் போட்டுக்கினு இருக்குது. இவரு உள்ள காலை வச்சாரு. ஒரு பொண்ணு எழுந்து, "செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க சார்"னு மெதுவா சொல்லுது.

— அந்தப் பொண்ணு நம்ம வேண்டாவாத்தான் இருக்கும்.

— அவரு ஷூவைக் கழட்டினாரு டீச்சர். என் சர்வீஸ்ல ஒரு ஆபீசரோட சாக்ஸை நான் பார்த்ததில்ல. கருங்குழியில, மதுராந்தகத்துல கூட இப்படி ஒரு வகுப்பைப் பார்க்கலைன்னாரு.

— இதைக் கேட்டப்புறம்தான் சார் எனக்கு ஜுரம் முழுசா வுட்டுது. நான் வந்த புதுசுல எப்படி இருந்துதுங்க? ஊர்ப் புள்ளைங்க ஜன்னல் பக்கம், காலனிப் புள்ளைங்க சுவர் பக்கம். நடுவுல செய்யூர் பஸ்சே போகலாம். குழாயடியில மண்டை உடையாத நாளில்ல. இந்த வேண்டா ஒரு வருஷம் வாயே தொறக்கல. காலையில எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு, ஒரு சவுக்குக்காயைக் கைமாத்தி, காய் யாரு கையில இருக்கோ அவங்கதான் பேசணும், மத்தவங்க கேக்கணும்னு பழக்கினேன். அப்ப நீங்க என்ன சொன்னீங்க?

— ஏதோ விளையாட்டுன்னு சொன்னேன்.

— "சவுக்குக்காய் சிலபஸ்ல இல்ல"ன்னீங்க.

— அதாவது, இப்ப அந்தக் காயைத்தான் ஆபீசர் படம் புடிச்சுக்கினு போயிருக்காரு. இது யார் ஏற்பாடுன்னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க? ஏன் சார் கூரையப் பாக்குறீங்க?

— பள்ளிக்கூடம்னு வந்துட்டா, நீ நான்னு பிரிச்சுப் பேச முடியுமா? "நம்ம ஏற்பாடுதான் சார்"னேன்.

— நம்மன்னா?

— கொஞ்சம் எம் பக்கமா சாஞ்சு சொல்லிட்டேன்.

— நல்லாருக்கு சார். சரி, வுடுங்க. பாராட்டு வந்தா பள்ளிக்கூடத்துக்குத்தானே.

— பாராட்டு வரல. மாற்றுப்பணி ஆர்டர்தான் வருது, உங்க பேருக்கு. ஈசிஆர் பக்கம் ஒரு பள்ளிக்கூடமாம். புள்ளைங்க பாதி நேரம் பூவரச மரத்து மேலதான் இருக்குதுங்களாம். "டீச்சரே இல்லாம ஓடுற வகுப்புக்கு எதுக்கு டீச்சரு? இவ்ளோ ஏற்பாடும் செஞ்ச நீங்க ஒருத்தரே போதும் ராமானுஜம்"னு என் தோளைத் தட்டிட்டுப் போயிட்டாரு.

— அப்போ என் மூணு கிளாசும் நீங்களே எடுப்பீங்களா?

— அதை நினைச்சா எனக்கே ஜுரம் வருது. நான் சாக்பீஸ் புடிச்சு எத்தனை வருஷமாச்சு?

— வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில வுட்டுக்கினீங்களே சார். நான் போக மாட்டேன். எனக்கு மனசில்ல. இப்பதான் எல்லாம் ஒரே பாயில உக்காந்து சாப்புடுதுங்க. நான் போனா மறுபடியும் ஜன்னல் பக்கம், சுவர் பக்கம்னு ஆயிடும். எனக்கு அதுதான் பயம்.

— ஒரு வழி இருக்கு. நாளைக்கு வேற ஆபீசரையும் கூட்டிக்கினு வராரு, நம்ம வகுப்பைக் காட்டறதுக்கு. உங்களை வெளிய நிக்க வச்சுட்டுத்தான் காட்டுவாரு.

— அப்ப புள்ளைங்க கத்துச்சுன்னா?

— சும்மா கத்தினா பத்தாது. கூரை பிச்சுக்கணும்.

— "கத்தாத, கத்தாத"ன்னு சர்வீஸ் பூரா சொன்ன வாயி சார் உங்களது.

— அதாவது, இது நிர்வாக நலன் கருதி.

— வேண்டா, இங்க வாடிம்மா.

— ஜுரம் பூட்ச்சா டீச்சர்? நீங்க வராதப்போ வட்டத்துல உங்க எடத்துல சவுக்குக்காயை வச்சிருந்தோம். யாரும் அங்க உக்காரல.

— ஆபீசர் வந்த அன்னிக்கு எப்படிடி அவ்ளோ அமைதியா இருந்தீங்க?

— நாங்க கத்தினா உங்களுக்குத்தான டீச்சர் திட்டு வுழும். அதான் மூச்சு வுடல. ஜான்சனுக்கு இருமல் வந்துச்சு. அதையே முழுங்கிட்டான்.

— சரிடி. சரி.

— இன்னா டீச்சர், அழுவுறீங்க?

— ஜுரத்துல கண்ணு எரியுது. நான் சொல்றதைக் கேளு. நாளைக்கு அவரு மறுபடி வருவாரு. நீங்கள்லாம் கத்தணும், ஓடணும், ஒருத்தரும் ஒழுங்கா உக்காரக் கூடாது. இல்லன்னா என்னை வேற ஊரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்க.

— கத்தினா அனுப்ப மாட்டாங்களா?

— மாட்டாங்க.

— இன்னா டீச்சர் இது, எல்லாம் தலகீழா கீது.

— அப்படித்தாண்டி கீது. போய் எல்லாருகிட்டயும் சொல்லு. இப்பவே ஒருவாட்டி நல்லா கத்திப் பாருங்க.

— சரி டீச்சர்.

— ஓடறா பாருங்க. காதைப் பொத்திக்கட்டுமா டீச்சர்?

— இருங்க சார், கேக்கலாம்.

— காக்கா கத்துறதுதான் கேக்குது.

— வெக்கப்படுதுங்க. ஒருத்தன் ஆரம்பிச்சா போதும்.

— எங்க ஆரம்பிக்குதுங்க? இதோ, பொண்ணே திரும்பி வருது. என்னம்மா ஆச்சு?

— எல்லாரும் கையத் தூக்கினு உக்காந்துனு கீறாங்க டீச்சர். மொதல்ல யாரு கத்தணும்?