மெஷின்லதான் கோளாறு

இல்ல தம்பி, பெட்டியை மூடாதீங்க. இன்னொரு தடவை பாத்துருங்க. நான்தான் சொல்றேன்ல, மெஷின்லதான் ஏதோ கோளாறு. இருபத்திரெண்டு வருஷமா இந்த இருட்டு ரூம்ல உக்காந்து கர்ப்பிணிங்களுக்கு ஸ்கேன் பண்றேன், எனக்குத் தெரியாதா? நல்லவேளை, நீங்க மாடியில எக்ஸ்ரே மெஷினை ரிப்பேர் பண்ண வந்திருந்தீங்க. இல்லன்னா உங்க கம்பெனிக்குப் போன் போட்டு, நீங்க ஆடி அசைஞ்சு வந்து சேர மூணு நாள் ஆயிருக்கும். மூணு நாள்லாம் என்னால... சரி விடுங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. கையில ஜெல் ஒட்டியிருக்கு, துடைச்சுக்கோங்க.

என்ன கோளாறுன்னா? எத்தனை வாட்டி சொல்றது! இந்த ப்ரோப்பு இருக்குல்ல, வயித்து மேல வச்சு நகத்துறோமே, இது பாதி செத்துப் போயிருக்கும்னு நினைக்கிறேன். போன வருஷம் அப்படித்தான் ஆச்சு. படத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் கறுப்பா ஒரு கோடு. குழந்தையோட கை பாதியோட நின்ன மாதிரி தெரிஞ்சுது. எனக்கு உயிரே போயிருச்சு. அப்புறம் உங்க ஆளு ஒருத்தர், மீசைக்காரர், வந்து ப்ரோப்பை மாத்தினாரு. மாத்திட்டுப் பாத்தா கை முழுசா இருக்கு, அஞ்சு விரலும் இருக்கு, அதுல ஒண்ணை வாயில வச்சு சப்பிக்கிட்டிருக்கு கழுதை! அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்புல கட்டிலே ஆடிச்சு. இன்னைக்கும் அதே மாதிரிதான். அதே மாதிரிதான் இருக்கணும்.

இல்ல, இன்னைக்குக் கோடு இல்ல. இன்னைக்கு நெஞ்சு, அதான் இதயம். இருபது வாரக் குழந்தைக்கு நெஞ்சு எவ்ளோ பெருசு தெரியுமா? இந்தா, என் கட்டைவிரல் நகம் அளவுதான். அதுக்குள்ள நாலு அறை. மேல ரெண்டு, கீழ ரெண்டு, நடுவுல சுவர். நாலும் ஒழுங்கா துடிச்சா மனசுக்குள்ள அப்பாடான்னு ஒரு டிக் போட்டுட்டு அடுத்து முதுகெலும்புக்குப் போயிருவேன். இன்னைக்கு ஒரு பொண்ணுக்குப் பாக்கறேன், வலது பக்கம் ஜோரா இருக்கு. இடது பக்கம் கீழ் அறையைக் காணோம். காணோம்னா, இருக்கு, சின்னக் கீறல் மாதிரி. துடிக்கல. வலது பக்கம் மட்டும் ரெண்டு ஆள் வேலையை ஒத்தையா இழுத்துப் போட்டுக்கிட்டு அடிச்சுக்குது, பாவம்.

மெஷினைச் சோதிக்க நீங்க வச்சிருக்கிற அந்த டெஸ்ட் டப்பாவுல எல்லாம் சரியா தெரியுதா? தெரியும், ஏன் தெரியாது! அது ஜெல்லி அடைச்ச டப்பா தம்பி. அதுக்குள்ள என்ன நெஞ்சா அடிக்குது? இன்னொரு ப்ரோப்பை மாட்டிப் பாருங்க. கேபிளை ஆட்டிப் பாருங்க. கோவிச்சுக்காதீங்க. உங்க வேலையில மூக்கை நுழைக்கிறேன்னு நினைக்காதீங்க.

பாருங்க, பாருங்க. நான் வாயை மூடிக்கிறேன்.

எங்க மூட முடியுது? நாள் பூரா பேசியே ஓட்டற வாய் இது. உள்ள வர்றவங்க எல்லாம் பயந்துக்கிட்டே படுப்பாங்க. அவங்களைச் சிரிக்க வைக்கணும். ஒருத்தர் வந்தாரு, பொண்டாட்டி பக்கத்துல நின்னு ஸ்கிரீனைப் பன்னெண்டு போட்டோ எடுத்தாரு. எடுத்துட்டு, அப்படியே என் மூக்குங்கறாரு. அது குழந்தையோட முழங்கால்! நான் சொல்லல. அவரு சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்?

ஆனா கெட்டதைச் சொல்ற உரிமை எனக்கில்ல. நான் டெக்னீஷியன். படம் எடுத்து அளந்து வைக்கலாம், அவ்ளோதான். டாக்டர் வந்து பாத்து, அவருதான் சொல்லணும். அதுவரைக்கும் என் மூஞ்சியில ஒண்ணும் தெரியக் கூடாது. அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். பாப்பா குப்புறப் படுத்திருக்கும்மா, நெஞ்சு சரியா தெரியல, தண்ணி குடிச்சுட்டு அரை மணி நேரம் வராண்டாவுல நடந்துட்டு வாங்க. இதான் நான் சொல்றது. நிறைய தடவை அது நெசமாவே இருக்கும். சில தடவை டாக்டரைக் கூப்பிட நேரம் வேணும், அதுக்காகச் சொல்றது. எது எதுன்னு அவங்களுக்குத் தெரியாது. எவ்ளோ வேகமா நடக்கணும்க்கான்னு கேட்டுக்கிட்டே போவாங்க.

என் பொண்ணு சின்ன வயசுல ஸ்கூல் விட்டதும் இங்கதான் வருவா. வெளிய அந்த மூணாவது நாற்காலியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. என் சங்கதி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள், ஏம்மா, சில பேரை நடக்கச் சொல்லிட்டு நீ உடனே டாக்டரைத் தேடி ஓடறேன்னு கேட்டா. பத்து வயசு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் அதை வச்சே கிண்டல். காலையில எழுப்பினா போர்வைக்குள்ளேர்ந்து குரல் வரும், பாப்பா குப்புறப் படுத்திருக்கு, அரை மணி நேரம் நடந்துட்டு வாங்கம்மான்னு. அடிக்கப் போவேன், ஆனா சிரிப்பு வந்துரும்.

என்ன கேட்டீங்க? எப்போலேர்ந்து இப்படித் தெரியுதா? பத்து மணிக்கு மேல. காலையில அஞ்சு பேர் வந்தாங்க. நல்லா தெரிஞ்சுது. ஆமா, அஞ்சு பேருக்கும் நாலு அறையும் தெரிஞ்சுது.

அதுக்கப்புறமா? அதுக்கப்புறம் ஒரு அம்மா வந்துச்சு. ரெட்டைக் குழந்தை.

தெரிஞ்சுது. ரெண்டு நெஞ்சும் தெரிஞ்சுது. எட்டு அறை.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? எனக்குப் புரியாதா? ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கெட்டுப் போற மெஷின் எந்த ஊர்லயும் இல்லன்னு எனக்கும் தெரியும். யாராவது வந்து, ஆமாக்கா, பழைய மெஷின்தானே, இப்படித்தான் கண்டதையும் காட்டும்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. உங்களை மாடியில பாத்ததும் ஓடி வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க.

வயித்துக்குள்ள இருக்கிற வரைக்கும் அந்தக் குழந்தைக்கு ஒரு கஷ்டமும் இல்ல, அதான் கொடுமை. உதைக்கும், உருளும், விக்கல் எடுக்கும். அம்மா ரத்தத்துல நல்லாத்தான் இருக்கும். வெளிய வந்து தனியா வாழணும்னு வரும்போதுதான் பிரச்சனை. ஒண்ணு இல்ல, மூணு ஆபரேஷன். முதல் ஆபரேஷன் பொறந்த சில நாள்லயே. தாண்டி வர்றதும் இருக்கு. வராம போறதும் இருக்கு. அதெல்லாம் டாக்டர் சொல்வாரு. பன்னெண்டு மணிக்கு வந்துருவாரு.

தெரிஞ்சவங்களுக்கு நீ பாக்காதே, கண்ணு பொய் சொல்லும்னு அவரு எப்பவும் சொல்வாரு. நான்தான் கேக்கல. என் கண்ணு பொய் சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்!

நீங்க உள்ள வரும்போது வராண்டாவுல ஒரு பொண்ணுக்கு வழி விட்டீங்கல்ல? பச்சை சட்டை, கையில தண்ணி பாட்டில்? அந்தப் பொண்ணுக்குத்தான் பாத்தேன். பழகின வாய் பாருங்க, அதுபாட்டுக்கு வந்துருச்சு. பாப்பா குப்புறப் படுத்திருக்கும்மா, கொஞ்சம் நடந்துட்டு வான்னு. அவ என் மூஞ்சியையே பாத்தா. எவ்ளோ நேரம்னு கேக்கல. சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, பாட்டிலை எடுத்துக்கிட்டு போயிட்டா. முக்கா மணி நேரமா நடக்கறா. ஒரு தடவைகூட கதவைத் தட்டல.

குடுங்க, எங்க கையெழுத்து போடணும்? மெஷின் நல்ல நிலையில இருக்குன்னு எழுதியிருக்கீங்களா? ம். அப்படித்தானே எழுத முடியும். இந்தாங்க. பேனாவை எடுத்துட்டுப் போங்க, மறந்துராதீங்க.

தம்பி, போற வழியில அந்தப் பொண்ணை உள்ள வரச் சொல்லுங்க. டெக்னீஷியன் கூப்பிடறாங்கன்னு சொல்லாதீங்க. உங்க அம்மா கூப்பிடறாங்கன்னு சொல்லுங்க. இனிமே நடக்க வேணாமாம்னு சொல்லுங்க.