மழைக்குத் தாங்கும்

— மறுபடியும் அனைவருக்கும் வணக்கம்னு ஆரம்பிச்சிட்டீங்க சார். ஸ்கூல்ல கொடியேத்துற மாதிரி இருக்குது.

— வேற எப்பிடிம்மா ஆரம்பிக்கிறது? கேமரான்னா வணக்கம் சொல்லித்தான ஆவணும்.

— கடைக்கு ஒருத்தர் வந்தா மொதல்ல என்னா சொல்வீங்க?

— சைஸ் என்னான்னு கேப்பேன்.

— அதுக்கு முன்னாடி?

— அதுக்கு முன்னாடி ஒண்ணும் கெடையாது. எட்டுக்கு ஆறா, பத்துக்கு எட்டா, போட்டோவ போன்ல அனுப்பு, சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போ. பேனர் கடையில வேற என்னா பேச்சு இருக்குது?

— சரி, மைக்க கையால மூடிக்காதீங்க சார். சட்டையிலயே இருக்கட்டும். மூச்ச இழுத்து உடுங்க. திரையில உங்க மூஞ்சிய பாக்காதீங்க, மேல கறுப்பா ஒரு புள்ளி இருக்குது பாருங்க, அத பாருங்க. அவ்ளோதான்.

— தா பாரு இளவரசி. நீயா போன் பண்ண, மொத வீடியோ சும்மா எடுத்துத் தர்றேன்னு சொன்ன. பக்கத்து கடை மணிமாறன் வேற, திண்டிவனத்துல எத்தினி பேனர் கடை வந்துப்போச்சு, சீனுவாசா, மூஞ்சிய காட்டிப் பேசுனாதான் இனிமே ஆளு வரும்னு பேஜார் பண்ணிக்கினே இருந்தான். அதான் சரின்னேன். எனக்கு இது வராது போலிருக்குது.

— வரும் சார். எழுதி வெச்சிருக்கீங்களே, அத ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. அப்புறம் தூக்கிப் போட்டுடலாம்.

— எங்களிடம் திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கட்சி வரவேற்பு, கண்... கண்... தண்ணி குடிச்சிக்கிறேன் இரு.

— நாலு தடவையும் அங்கதான் சார் நின்னுட்டீங்க.

— எழுத்து சின்னதா இருக்குது.

— நீங்க எழுதுனதுதான சார்.

— கண்ணாடி மாத்தணும், வேறொண்ணும் இல்ல. உனுக்கு எந்தூரு?

— கோலியனூர் பக்கம். இப்ப விழுப்புரத்துல ரூம் எடுத்துக்கினு இருக்கேன். கடை கடையா போயி வீடியோ எடுத்துத் தர்றேன்.

— கோலியனூரா?

— ஆமா சார்.

— கோலியனூர்ல எந்தத் தெரு?

— அப்புறம் சொல்றேன் சார். மிஷின நிறுத்திடுங்க, சத்தம் உள்ள வருது. பேன கூட நிறுத்திடலாம். கொஞ்ச நேரம் வேர்க்கும், பொறுத்துக்குங்க. பேப்பர என்கிட்ட குடுங்க.

— பேப்பரு இல்லாம எப்பிடிம்மா?

— கையில எதையாவது புடிச்சுக்குங்க. அந்த பிளக்ஸ் துண்டு இருக்குதே, அத எடுத்துக்குங்க. இப்ப நான்தான் கஸ்டமரு. எங்க ஊரு தேருக்கு பேனர் வேணும். மழை வந்தா போயிடுமா அண்ணேன்னு கேக்குறேன்.

— போவாது.

— ஏன் போவாது?

— ஏன்னா, தா பாரு, இது சாதா. இத நகத்தால கீறிப் பாரு, வெள்ளையா பொடி கௌம்புதா? இத வெயில்ல ரெண்டு மாசம் உட்டா அப்பளம் மாதிரி நொறுங்கும். இது ஸ்டார். இழுத்துப் பாரு. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நின்னு இழு, ஒண்ணும் ஆவாது. ஓரத்த மடிச்சு ஒட்டி, முழத்துக்கு ஒரு வளையம் அடிச்சித்தான் நான் குடுப்பேன். காத்தடிச்சா கயிறுதான் அறுந்து போவும், பேனரு கிழியாது. மழைக்குத் தாங்கும். ஒரு மழை இல்ல, மூணு மழைக்காலம் தாங்கும். இங்க்கும் கரையாது. மொகம் கடைசி வரைக்கும் மொகமாவே இருக்கும்.

— இதான் சார். இதத்தான் நான் கேட்டேன். எவ்ளோ நல்லா பேசிட்டீங்க.

— எடுத்துட்டியா?

— எடுத்துட்டேன். யார நெனச்சிக்கினு சார் பேசுனீங்க?

— உன்கிட்டதான பேசுனேன்.

— என்ன பாக்கல நீங்க. அந்த கம்ப்யூட்டர்கிட்ட இருக்கிற ஸ்டூல பாத்துக்கினுதான் பேசுனீங்க.

— அப்பிடியா?

— தப்பில்ல சார். யாராச்சும் ஒருத்தர நெனச்சிக்கினு பேசுனாதான் பேச்சு சரளமா வரும். அந்த ஸ்டூல்ல யாரு உக்காருவாங்க?

— எம்பொண்ணு. சித்ரா. காலேஜ் முடிச்சிட்டு நேரா இங்கதான் வரும். டைப் பண்றது, போட்டோ சரி பண்றது எல்லாம் அதுதான். நான் இங்க நின்னு ஒட்டிக்கினே பேசிக்கினு இருப்பேன், அது அங்க உக்காந்து கேட்டுக்கினே அடிக்கும். நடுவுல மல்லாட்டை வறுத்து வாங்கியாந்து வெச்சா, அப்பா, கீபோர்டுல தோல் உழுதுன்னு கத்தும்.

— இப்ப எங்க சார் இருக்காங்க?

— இல்ல.

— இல்லன்னா?

— செத்துப்போச்சு. கேமராவ நிறுத்து.

— அப்பவே நிறுத்திட்டேன் சார்.

— அந்த லைட்டையும் நிறுத்து. கண்ணு கூசுது.

— இந்தாங்க, தண்ணி.

— வெச்சிடு.

— வேற நாளு வேணா வர்றேன் சார். இன்னிக்கு எடுத்த வரைக்கும் போதும்.

— இல்ல, உக்காரு. வீட்டுக்குப் போனாலும் செவுரத்தான் பாத்துக்கினு இருக்கணும். எம் பொண்டாட்டி கிருஷ்ணவேணி என்கிட்ட பேசி மூணு வருஷம் ஆவுது. சோறு போடுவா, தட்ட வெச்சிட்டுப் போயிடுவா. உப்பு இல்லன்னா கூட யாரையும் கேக்க முடியாது. நீ என்னமோ கேமராவுக்கு முன்னாடி பயம்னு நெனைக்கிற. பயம்லாம் இல்லம்மா. எனக்குப் பேச்சே மறந்துப்போச்சு.

— அம்மா ஏன் சார் பேசறதில்ல?

— நான் பண்ண வேலைக்கு யாரு பேசுவா?

— என்னா பண்ணீங்க?

— அது சாவல.

— சித்ராவா?

— சாவல. ஒரு பையன் கூட போயிடுச்சு. நம்ம ஆளு இல்ல. வேற. எங்க அண்ணன் அப்பாதுரை, பங்காளிங்க எல்லாம் வந்து ஊட்டுல உக்காந்துட்டாங்க. தலை முழுகுடா, இனிமே அப்பிடி ஒரு பொண்ணு இல்லன்னு ஊருக்குச் சொல்லுன்னாங்க. குளத்துல முங்கிட்டு வந்தோம். அதோட உட்டாங்களா, கண்ணீர் அஞ்சலி பேனரு கட்டணும்னாங்க. அவ பாக்கணும், அவன் ஊரே பாக்கணும்னாங்க. உயிரோட இருக்கிற பொண்ணுக்கு.

— யாரு அடிச்சது சார் அத?

— எங்க அண்ணன் சொல்றாரு, நீயே கடை வெச்சிக்கினு இருக்க, வெளிய எதுக்குடா போவணும்னு.

— நீங்களா?

— நான்தான். இதே மிஷின்ல. அந்த ஸ்டூல்ல நான் போயி உக்காந்தேன். அது போட்டோவ அதோட கம்ப்யூட்டர்லயே தேடி எடுத்தேன். மத்தவங்களுக்குன்னா மொகத்துல இருக்கிற வடு, மரு எல்லாத்தையும் தொடச்சி பளபளன்னு ஆக்கிக் குடுப்பேன். அது நெத்தியில சின்னதா ஒரு தழும்பு இருக்கும், அஞ்சு வயசுல இந்த மிஷின் காலுல இடிச்சிக்கினது. அத என்னால தொடைக்க முடியல. அப்பிடியே உட்டுட்டேன். அழுதுக்கினேதான் அடிச்சேன், ஆனா அடிச்சேன்ல? எவனும் என் கைய புடிச்சி அடிக்க வெக்கல.

— எத்தினி சார் அடிச்சீங்க?

— மூணு. ஒண்ணு இந்தக் கடை வாசல்ல, ஒண்ணு எங்க ஊர்ல, ஒண்ணு அவன் ஊரு கூட்ரோட்டுல. எங்க அண்ணன் பசங்கதான் கொண்டாந்து கட்டுனாங்க. கிருஷ்ணவேணி கடை வாசல்ல வந்து அத பாத்தா. ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா கூட பரவால்ல. அன்னியிலேருந்து வாயே தொறக்கல.

— அதான் கண்ணீர்னு வந்தாலே நின்னுடுறீங்க.

— வாராவாரம் யாருக்காச்சும் அடிச்சிக்கினுதான் இருக்கேன். கை அடிக்குது. வாயில சொல்ல வரல. இன்னொண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத.

— சொல்ல மாட்டேன் சார்.

— அந்த மாதிரி பேனர்ல தோற்றம்னு போட்டு பொறந்த தேதி போடுவோம், மறைவுன்னு போட்டு செத்த தேதி போடுவோம். எந்த பேனரு வந்தாலும் அது ரெண்டையும் சித்ராதான் சரி பாக்கும். அப்பா, தேதி தப்பாச்சுன்னா சாவு ஊட்டுல நம்ம பேரு கெட்டுடும்னு சொல்லும். அது பொறந்த தேதிய அடிச்சேன். மறைவுன்னும் அடிச்சேன். அதுக்கு நேரா என்னா தேதிய போடுறது? என் கையால எப்பிடிப் போடுறது? காலியா உட்டுட்டேன்.

— அப்பிடியேவா?

— அப்பிடியே. எங்க அண்ணன் கேட்டாரு, மிஷின்ல இங்க்கு வரலன்னு சொல்லிட்டேன். வேற ஒருத்தனும் கவனிக்கல.

— கவனிச்சாங்க சார்.

— யாரு?

— அந்த போட்டோவுல இருந்தவங்க.

— என்னா சொல்ற நீ?

— கோலியனூர்ல எந்தத் தெருன்னு கேட்டீங்க இல்ல. உங்க பேனர கட்டுனாங்களே, அந்தக் கூட்ரோட்டுலேருந்து உள்ள போற தெரு. வல்லரசு எங்க அண்ணன்.

— நீ... அவன் தங்கச்சியா?

— ஆமா.

— மொத வீடியோ சும்மான்னு அதுக்குத்தான் வந்தியா? என் வாயப் புடுங்கி, அத அங்க போட்டுக் காட்டறதுக்கா? எல்லாத்தையும் எடு. ஜல்தியா கௌம்பு.

— கௌம்பறேன் சார். மைக்க மட்டும் கழட்டிக் குடுங்க. நீங்க பிளக்ஸ் பத்திப் பேசுனது மட்டும்தான் இதுல இருக்குது. மத்தது எதையும் நான் எடுக்கல. வேணும்னா போன பாத்துக்குங்க.

— அது அனுப்பிச்சுதா உன்ன?

— இல்ல. அண்ணிக்குத் தெரியாது. நான் எடுக்கிற வீடியோ எல்லாத்தையும் பாக்கும். திண்டிவனத்துல எடுத்ததுன்னா ரெண்டு தடவ பாக்கும். பின்னாடி ரோடு தெரியுதா, அந்தக் கடை தெரியுதான்னு கேக்கும். எந்தக் கடைன்னு சொல்லாது. எனக்குத் தெரியாதா? அதான் நானே போன் பண்ணேன். உங்க குரலையாச்சும் கேக்கட்டும்னு.

— நில்லு.

— சொல்லுங்க.

— நல்லாருக்குதா?

— இருக்குதுங்க. கஷ்டம்தான். எங்க அண்ணனுக்கு வேலை நெதம் இருக்காது. ஒன்றரை வயசுல பாப்பா இருக்குது.

— பாப்பாவா?

— பொண்ணு. மூக்கு உங்கள மாதிரி இருக்குது. இங்க வந்து உங்கள பாத்ததும்தான் தெரிஞ்சுது.

— என்னைப் பத்தி பேசுமா அது?

— பேசாது. ஐப்பசி பொறந்துட்டா மட்டும் அழும், ஏன்னு சொல்லாது.

— ஐப்பசியிலதான் அந்த பேனரு கட்டுனோம். அவன் ஊரு பாக்க, அந்தத் தெரு பாக்க. அத என்னா பண்ணீங்க? கொளுத்திட்டீங்களா?

— கொளுத்தத்தான் எங்க அண்ணன் அவுத்துக்கினு வந்துச்சு. தெருவே தீப்பெட்டியோட நின்னுது. அண்ணி ஓடியாந்து புடுங்கிக்கிச்சு. வாசல்ல விரிச்சிப் போட்டு பாத்துக்கினே உக்காந்திருந்துச்சு. அப்புறம் அந்தக் காலி எடத்துல கைய வெச்சிக்கினு, எங்க அப்பா தேதி போடல, எங்க அப்பாவுக்குக் கை வரலன்னு ஒரே அழுகை.

— கவனிச்சிடுச்சா.

— அதான் சொன்னேனே.

— அப்ப அந்த பேனரு இன்னும் இருக்குதா? எங்க இருக்குது அது?

— எங்க வீடு பழைய ஓட்டு வீடு, மழை பேஞ்சா எல்லா பக்கமும் ஒழுவும். அன்னிக்கே அண்ணி அத ஓட்டுக்குக் கீழ மொகம் உள்பக்கமா தெரியற மாதிரி இழுத்துக் கட்டிடுச்சு. அதுக்குக் கீழதான் அண்ணியும் பாப்பாவும் படுப்பாங்க. நீங்க கேமராவுல சொன்னது நெசந்தான் மாமா. மூணு மழைக்காலம் ஆச்சு, அவங்க மேல ஒரு சொட்டு உழல.